அம்மாவின் கையில் ஒரு சிவப்பு அம்பு

என் மகளுக்கு ஏழு வயது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பால்பல் ஒன்றில் சொத்தை. "அடைச்சுப் பாப்போம், முடியலைன்னா எடுத்துடலாம். அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாரமும் அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"வலிக்குமாம்மா?"

வலிக்கும் என்றால் பயந்துவிடுவாள். வலிக்காது என்றால் பொய். கொஞ்சம் வலிக்கும் என்றால், கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்பாள். இதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் போனில் தேடித் தேடிப் படித்தேன். 'பிடுங்குவது' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாதாம். அதைப் படிப்பதற்குள் நான் மூன்று முறை பயன்படுத்திவிட்டிருந்தேன்.

பதில் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் என் அம்மாவின் கை நினைவுக்கு வந்து பேச்சு நின்றுவிடும். இடது கை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நகத்தின் அளவில் ஒரு சிவப்பு அம்பு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பா சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிப் போகும் டெம்போ ஓட்டினார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அதே கம்பெனியில் டெய்லர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார்.

செக்கிங் என்றால், தைத்து வரும் பனியன்களை ட்யூப் லைட்டுக்கு அடியில் மேசைமேல் விரித்துக் குறை பார்க்கும் வேலை. குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அம்பின் முனை எங்கே பார்க்கிறதோ அங்கே ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் என்னை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அம்மா கம்பெனிக்குக் கூட்டிப்போவாள். நான் மேசைக்கு அடியில், வெட்டித் தள்ளிய துணித் துண்டுகள் நிரம்பிய மூட்டையின்மேல் உட்கார்ந்திருப்பேன். மெத்தை மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில் மேலே ஏறி நின்று நானும் ஒன்றிரண்டு பீஸ் பார்ப்பேன்.

"கழுத்துல ஆரம்பிக்கோணும் கண்ணு. அப்பறம் தோளு, கை, பக்கத் தையலு, கடைசியா பாட்டம். பாதியில நிறுத்துனா அது பாத்ததாவே ஆகாது" என்பாள் அம்மா. பாட்டம் என்பது பனியனின் அடிமடிப்பு. பெரும்பாலானவர்கள் அங்கே வருவதற்குள் சலித்துப்போய் விட்டுவிடுவார்களாம். அதனால் குறையெல்லாம் அங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும் என்று அம்மா நம்பினாள்.

அவளுக்கு இன்னொரு விதியும் இருந்தது. ஒருத்தி ஒட்டின ஸ்டிக்கரை அவள்தான் எடுக்க வேண்டும். குறையைச் சரிசெய்து அவளிடம் மறுபடியும் காட்டி, அவள் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் அம்பு விலகும். ஆனால் அவசரத்தில் சில டெய்லர்கள் பிரித்துத் தைக்கச் சோம்பல்பட்டு ஸ்டிக்கரை மட்டும் நைசாகப் பிய்த்துப் போட்டு, பீஸை நல்ல அடுக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒருமுறை சித்தப்பாவே அப்படிச் செய்து மாட்டிக்கொண்டார். அவருடைய மெஷினுக்கு அடியில் ஏழெட்டு அம்புகள் கசங்கிக் கிடந்ததை அம்மா பொறுக்கி எடுத்துவந்து, இரவுச் சாப்பாட்டின்போது அவருடைய தட்டோரத்தில் வரிசையாக ஒட்டிவைத்தாள்.

"ஏனுங் தம்பி, ஊட்டுச் சோத்துலயும் கொற இருக்குதுங்களா, இதையும் பிச்சுப்போட்டுச் சாப்பிடுங்க."

சித்தப்பா இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் பசி வந்ததும் பேசினார்.

எனக்குப் பல்வலி வந்தது அந்தச் சமயத்தில்தான். முதலில் ஜில்லென்று எதையாவது குடித்தால் சுரீர் என்றது. பிறகு எதைக் கடித்தாலும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் சித்தப்பா. அவருக்கே ஒரு சொத்தைப் பல் உண்டு. எப்போதும் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிவார். டாக்டரிடம் போகச் சொன்னால் நாளைக்கு என்பார். அப்படிப்பட்டவர் பல் எடுப்பதைப் பற்றி எனக்கு வகுப்பு எடுத்தார்.

"மெஷின்ல ஊசி ஒடிஞ்சா மெக்கானிக் என்ன பண்றாரு? பிளேயரப் போட்டு ஒரே இழு. பல்லும் அவ்வளவுதான் கண்ணு."

"ஒடிஞ்சு உள்ள நின்னுட்டா?"

"அங்கதான் சிக்கலே."

சிக்கல் என்னவென்று எனக்கே தெரியும். கம்பெனியில் ஊசி ஒடிந்தால் அதன் எல்லாத் துணுக்குகளும் கிடைக்க வேண்டும். கிடைத்ததையெல்லாம் ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு துணுக்கு குறைந்தாலும் லைனையே நிறுத்திவிட்டுக் காந்தத்தை வைத்துத் தேடுவார்கள். வெளிநாட்டில் அந்தப் பனியனைப் போடும் குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்பதற்காக.

"காந்தத்துல பல்லு ஒட்டாதே சித்தப்பா?"

"அதனாலதான் கையிலயே தேடுவாங்க" என்றார்.

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "புள்ளகிட்டப் பேசற பேச்சாங்க இது? உங்களுக்கும் ஒரு நாளைக்கு வரும், அன்னைக்கு நான் வந்து பக்கத்துல நின்னு தேடறனுங்க." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அன்று முதல், என் வாய்க்குள் யாரோ விரலை விட்டுத் துணுக்குத் துணுக்காகத் தேடி, நோட்டில் டேப் போட்டு ஒட்டுவதுபோலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இடது பக்கமாக மென்று சமாளித்தேன். வலி அதிகமானால் ஜடையை முன்னால் போட்டு வலது கன்னத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தாடையைப் பிடித்து ட்யூப் லைட் பக்கம் திருப்பினாள். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. "ஆ காட்டு" என்றாள். காட்டினேன். பனியன் பார்க்கும் அதே பார்வை.  மறுநாள் இரவு, செவ்வாய்க்கிழமை காலைக்கு அரை ஷிப்ட் லீவு சொல்லிவிட்டதாக அவள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சரக்குக் கப்பலேறும் ஷிப்மென்ட் வாரத்தில் லீவு கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். அதனால் இந்த முறை தப்பிக்க முடியாது என்றும் தெரிந்தது.

பல் ஆஸ்பத்திரி பல்லடம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிப் படிக்கட்டு வரை நடந்தேன். பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரமாட்டேன்."

அம்மா அடிக்கவில்லை. இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, என் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். மேலே ரேடியோவில் ஏதோ பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பாட்டென்றால் உயிர். விரலால் படியில் தாளம் போட்டபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவில் எப்போதும் கிடக்கும் பாதி தீர்ந்த ஸ்டிக்கர் தாளை எடுத்தாள்.

"கம்பெனியில புது ஆர்டர் வந்தா முதல்ல என்ன பண்ணுவாங்க?"

"சாம்பிள்."

"சாம்பிள் ஓகே ஆகாம மத்த பீஸத் தைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பச் செரி. இன்னைக்கு நாந்தான் சாம்பிளு. எனக்கும் ஒரு பல்லு வலிச்சுட்டுத்தான கெடக்குது? முதல்ல எனக்கு எடுக்கட்டும். நீதான் செக்கிங்." ஸ்டிக்கர் தாளை என் மடியில் வைத்தாள். "என்ற மூஞ்சியவே பாத்துட்டிரு. வலிக்கற மாதிரி கொஞ்சம் தெரிஞ்சாலும் ஒட்டிப்போடு. ரிஜெக்ட். ரெண்டு பேரும் எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரலாம்."

"ஒட்டலைன்னா?"

"சாம்பிள் ஓகே. அடுத்த பீஸு நீதான். உக்காரோணும்."

நான் யோசித்தேன். "ஒட்டுனதுக்கப்பறம் நீ பிச்சுப்போட்டீன்னா?"

அம்மா முகத்தில் உண்மையாகவே கோபம் வந்தது. "நான் உங்க சித்தப்பனா?"

ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஏறினேன்.

டாக்டர் என் வாயைத்தான் முதலில் பார்த்தார். பால்பல்தான், ஆனால் சொத்தை வேர்வரை போய்விட்டது, விழட்டும் என்று காத்திருக்க முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். நான் வாயை மூடியது அப்போதுதான். அவர் சிரித்துக்கொண்டே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா குறுக்கிட்டாள்.

"அவளுக்கு அப்பறம் எடுத்துக்கலாங்க. எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க. முதல்ல அதப் பாருங்க."

அம்மா நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். டாக்டர் விளக்கைத் திருப்பி, ஒரு சின்னக் கம்பியால் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வேர்தான் பழுத்திருக்குங்கம்மா, பல்லு நல்லாத்தான் இருக்கு. எதுக்கு எடுக்கறீங்க? வேர்ல மருந்து வெச்சுக் காப்பாத்திடலாம். ஒரு நாலஞ்சு தடவை வரவேண்டியிருக்கும், அவ்வளவுதான்."

"இல்லீங்க, எடுத்துப்போடுங்க."

"போனா வராதுங்க. யோசிச்சுட்டு வாங்களேன்."

அம்மா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். "இன்னைக்கே எடுத்துப்போடுங்க" என்றாள்.

இந்தப் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது. ஒரு சொல் விடாமல் இன்றும் நினைவிருக்கிறது. அன்று அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: டாக்டரே வேண்டாம் என்கிறார், அம்மா தானாகக் கேட்கிறாள், அப்படியென்றால் இது அம்மாவுக்கு ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஊசி போட்டார்கள். நான் நாற்காலியின் இடது பக்கம் நின்றேன். ஒரு ஸ்டிக்கரைப் பிரித்து ஆள்காட்டி விரல் நுனியில் தயாராக வைத்துக்கொண்டேன். டாக்டர் அம்மாவின் உதட்டைத் தொட்டு, "மரத்துப்போச்சுங்களா?" என்றார். அம்மா "ம்" என்றாள். கம்பியால் தட்டி, "வலிக்குதுங்களா?" என்றார். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். வெளியே ரேடியோவில் பாட்டு முடிந்துவிட்டது. ஒரு பெண்குரல் எந்தெந்த மாவட்டங்களில் மழை பெய்யும் என்று வாசித்துக்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டம் வருகிறதா என்று ஒரு கணம் கேட்டேன். வரவில்லை. மறுபடியும் முகத்துக்குத் திரும்பினேன்.

என் வாழ்நாளில் ஒரு முகத்தை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. நெற்றி, புருவம், கண், மூக்கு. குறை தேடினேன். ஒரு சின்னச் சுருக்கம் போதும், ஒட்டிவிடலாம். அம்மா கண்ணைக்கூட மூடவில்லை. இரண்டு கண்ணிலும் இரண்டு குட்டி விளக்குகள் தெரிந்தன. டாக்டரின் தோள் அசைந்தது, முழங்கை உயர்ந்தது, அவருக்கு வியர்த்தது. அம்மாவின் முகம் மட்டும் மேசையில் பனியன் பார்க்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கீழே எங்கேயோ டிக், டிக், டிக்கென்று ஒரு சத்தம். நாற்காலியில் கால் வைக்கும் தகட்டில் அம்மாவின் மெட்டி தட்டும் சத்தம் அது. சமைக்கும்போது கரண்டியால் தட்டுவாள், படியில் விரலால் தட்டினாள், இங்கே காலால் தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் வேலை முகம்.

'டிங்' என்று தட்டில் பல் விழுந்தது.

"முடிஞ்சுது. அம்மாவுக்கு எவ்வளவு தைரியம் பாத்தியா பாப்பா? இப்ப நீ வா" என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் என் கழுத்து சூடாகிறது. சாம்பிளில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தே என் விரலை நீட்டி, நாற்காலியின் கையைப் பிடித்திருந்த அம்மாவின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, அம்பை ஒட்டினேன்.

"வலிச்சுது. நான் பாத்தேன்" என்றேன்.

அம்மா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து கையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நீளமான பார்வை. திட்டுவாள், இல்லையென்று தலையாட்டுவாள், ஸ்டிக்கரைப் பிய்த்து எறிவாள் என்று காத்திருந்தேன். எதுவும் செய்யவில்லை. மெதுவாக இறங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு நாளைக்கு என்று டாக்டருக்குச் சைகை காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். டாக்டர் எங்களை வாசல்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தம் நிற்க ஐஸ் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். கீழே கடையில் அம்மா ஒரு கப் ஐஸ் வாங்கினாள். பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, நின்றபடியே இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். நான் இடது பக்கமாக வைத்து முழுவதையும் சாப்பிட்டேன். தப்பித்த மகிழ்ச்சியில் அது அவ்வளவு ருசியாக இருந்தது.

என்னை வீட்டில் விட்டுவிட்டு அம்மா மதிய ஷிப்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்று சிரிப்பாகச் சிரித்தாள். அவளும் அம்மாவோடு செக்கிங்தான். "உங்கம்மா கையில அம்ப ஒட்டிட்டே வந்து உக்காந்திருச்சு கண்ணு. சூப்பர்வைசர் வந்து, 'யாருக்கா உன்னைய ரிஜெக்ட் பண்ணிப்போட்டது'ன்னு கேக்கறாரு. வாயில பஞ்சு, பேச முடியாது. கைய இந்த உசரத்துக்கு வெச்சுக் காட்டுது" என்று தன் இடுப்புக்கு மேலே உள்ளங்கையைப் பரத்திக் காட்டினாள். என் உயரம் அது.

அம்மா வந்து, முகம் கழுவி, நான் எழுதிக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. இடது கையை என் நோட்டின்மேல் நீட்டி வைத்தாள். அம்பு இன்னும் இருந்தது; ஓரங்கள் அழுக்காகியிருந்தன. அம்மா எதற்குக் கையை நீட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒட்டினவள்தான் எடுக்க வேண்டும். எடுத்திருக்கலாம். எடுத்துவிட்டு, "பொய் சொன்னேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நோட்டை மெதுவாக அவள் கைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு எழுதுவதைத் தொடர்ந்தேன். சற்று நேரம் கழித்து அவள் கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலையில் அம்பு இல்லை. பாத்திரம் கழுவியதில் போயிருக்கும்.

சரியாக இரண்டு வாரத்தில் என் கன்னம் உருண்டையாக வீங்கிக் காய்ச்சலே வந்துவிட்டது. இந்த முறை யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பா டெம்போவிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு அதே மாடிக்குப் போனார். சில நாள் மாத்திரை, அப்புறம் ஒரு ஊசி. அந்த ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. உதடு மரத்து, பக்கத்து வீட்டுக்காரருடைய உதடு போல ஆகிவிட்டது. பல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தபோதுதான் எடுத்தாகிவிட்டது என்றே தெரிந்தது. ஒரே துணுக்கு. யாரும் எதையும் தேடவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம், "வலிக்கவே இல்லம்மா!" என்று கத்தினேன்.

"அப்படியா சாமி" என்று சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் புதுப் பழக்கம்.

அன்று இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல எனக்கு ஒரு கணக்குத் தெளிவாகிவிட்டது. எனக்கு வலிக்கவில்லை. அப்படியென்றால் அம்மாவுக்கும் வலித்திருக்காது. அப்படியென்றால் அந்த அம்பு முழுப் பொய். அதுவரை கொஞ்சம் சந்தேகத்தின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள முடிந்திருந்தது. இனி முடியாது. எந்தக் குறையும் இல்லாத பீஸை, உட்காரப் பயந்துகொண்டு, ரிஜெக்ட் செய்தவள் நான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆனது. அம்மாவின் அந்தப் பல் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, இரண்டு பக்கத்துப் பற்களும் அதை நோக்கிச் சாய்ந்தன. முறுக்கு என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது டீயில் நனைத்து, இடது பக்கமாகப் போட்டு, யோசித்து யோசித்து மெல்லுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பல்லை அவள் எனக்காகத்தான் எடுத்தாளா, இல்லை நாலைந்து முறை லீவு போட முடியாது என்பதற்காக எடுத்தாளா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். இரண்டாவதாக இருந்தால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தாலும் வெட்கமாக இருக்கும். எதற்காக எடுத்திருந்தாலும், அன்று என்னைப் பார்த்த பிறகுதான் "இன்னைக்கே" என்று சொன்னாள். அதை என்னால் மாற்ற முடியவில்லை.

போன வாரம் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது அம்மாவும் வந்தாள். "வலிக்குமா" என்ற கேள்விக்கு அதுவரை நான் பதில் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் அவளிடம், "கொஞ்சம் வலிச்சாலும் கையத் தூக்கு. நான் அப்படியே நிறுத்திடுவேன்" என்றார். மகள் உடனே கையைத் தூக்கினாள். "நான் இன்னும் தொடவே இல்லையே பாப்பா?" என்றார். "இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவர் உண்மையாகவே நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபடி தொட்டார், மறுபடி தூக்கினாள், மறுபடி நிறுத்தினார். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவள் கையைத் தூக்க மறந்துபோனாள். பல்லை எடுக்க வேண்டியிருக்கவில்லை; அடைத்தே விட்டார்.

அம்மாவும் நானும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கை இடது கை. அப்போது சொல்லிவிட்டேன். படிக்கட்டு, சாம்பிள், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சொல்லி, "உன் மூஞ்சியில ஒண்ணுமே தெரியலம்மா. நான் பொய்யாத்தான் ஒட்டுனேன்" என்றேன். 

அம்மா என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"பொய்யா? அன்னைக்குப் போட்ட ஊசியில எனக்கு மரக்கவே இல்ல கண்ணு. பல்லு உள்ள பழுத்திருந்துச்சில்ல. உசுரு போயிட்டு வந்துச்சு. செரியாத்தான ஒட்டுன?"

"அப்ப ஏம்மா அன்னைக்குச் சொல்லல?"

"வாயில பஞ்சு வெச்சிருந்தாங்கல்ல" என்றாள், இது ஒரு கேள்வியா என்பதுபோல. பிறகு பேத்தியை இறக்கிவிட எழுந்து போனாள்.

கழுத்தில் தொடங்கிப் பாட்டம்வரை பார்க்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் பார்த்ததாகவே ஆகாது என்று எனக்கு அத்தனை முறை சொல்லிக்கொடுத்தவள், அன்று படிக்கட்டில் மட்டும், என் முகத்தையே பார்த்துக்கொண்டிரு என்றாள். நானும் முகத்தோடு நிறுத்திக்கொண்டேன். கீழே, தகட்டில், அந்த மெட்டி தட்டிக்கொண்டே இருந்தது. பாட்டுக்குத் தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன். பாட்டு அதற்கு முன்பே முடிந்து, ரேடியோவில் எந்தெந்த மாவட்டங்களில் மழை பெய்யும் என்றுதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.